பயனர் பெயர்: சிட்டு

காலையில் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக் கொடுத்தபடி, “இன்னைக்கு மத்தியானம் நாங்க சைட்டைத் திறக்குறோம்” என்றாள் மனைவி.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அதில் ‘சைட்’ உறுத்தவில்லை, ‘நாங்க’தான் உறுத்தியது. ‘நாம’ என்று சொல்லியிருக்கலாம். அது வாயில் வரவில்லை என்றால் ‘நான்’ என்றாவது சொல்லியிருக்கலாம். நாங்க என்றால் யார் யார்? அவளும், நூலகத்துக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் இணையதளம் கட்டக் கற்றுக்கொடுக்கும் அந்த வாத்தியாரும். அந்தச் சொல்லுக்கு வெளியே தான் நிற்கிறோம் என்ற நினைப்பு வேலைக்குப் போகும் வழியெல்லாம் அவனைக் குடைந்தது.

மத்தியானம் ஓர் அலுவலகக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து கதவு மோட்டாரின் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தான். அடுத்த தெருவில் இருக்கும் அவன் அக்கா போனில் கூப்பிட்டாள்.

“தம்பி, உன் பொண்டாட்டி சைட்டைப் பாத்தியா? அட்டகாசமா இருக்குடா. ஆனா ஒண்ணு, போட்டோல உன் முழங்கை மட்டும்தான் வந்திருக்கு.”

“முழங்கையா?”

“ஆமாடா. யார் வீட்டு போட்டோலயோ குறுக்க போன ஆளு மாதிரி இருக்கே.”

அக்கா சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். கிரீஸ் படிந்த விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அவன் சைட்டைத் திறந்தான். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் எப்போதும் இழுத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் பக்கம் சட்டென்று வந்துவிட்டது. வெள்ளைப் பின்னணி. பாதி விலகிய திரையோடு ஒரு ஜன்னல். மேலே ஒரே வரி: ‘உங்கள் ஜன்னலுக்கு அளந்து தைத்த திரை.’ கீழே ஒரே பொத்தான்: ‘அளவெடுக்க அழையுங்கள்.’ எழுத்து பெரிதாக, கண்ணை உறுத்தாமல் இருந்தது. போனின் சின்னத் திரையிலும் எதுவும் ஓரத்தில் வெட்டுப்படவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று அவனுக்கே தோன்றியது. அதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தில் அந்தப் போட்டோ இருந்தது. வீட்டு முன்னறையைத் தையல் கடையாக மாற்றிய அன்று இருவரும் வாசலில் நின்று எடுத்தது. இப்போது அவள் மட்டும் அகலமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடது ஓரத்தில் நீலச் சட்டையின் ஒரு துண்டும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு முழங்கையும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கேட்டான்.

“அது பேனருக்கு வெட்டினதுங்க” என்றாள் அவள், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். “உயரம் கம்மியா, அகலம் அதிகமா இருக்கணும். ரெண்டு பேரையும் வச்சா தலை போயிடுது. முகம் நடுவுல வரணும்னு சார் சொன்னாரு.”

“சார் சொன்னா சரி” என்றான் அவன். அதை அவள் நிஜமான சம்மதமாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளை அந்த வகுப்புக்குப் போகச் சொன்னதே அவன்தான். பெரிய சாலையில் திரைச்சீலைக் கடை ஒன்று வந்ததிலிருந்து அவளுக்கு வேலை குறைந்துவிட்டது. அந்தக் கடையின் சைட்டில் இருக்கும் படத்தைப் போனில் காட்டி, ‘இதே மாதிரி தைப்பீங்களா?’ என்று கேட்பவர்கள்தான் வந்தார்கள். நூலக வாசலில் இலவச வகுப்பு என்று ஓர் அறிவிப்பைப் பார்த்து வந்து அவள் தயங்கியபோது, “போயேன், சும்மா மெஷினைக் கட்டிக்கிட்டு அழுறதுக்கு” என்று தள்ளிவிட்டவன் அவன். முதல் வாரம் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. “நம்ம பக்கமெல்லாம் சர்வர்லதான் இருக்குமாம்” என்று அவள் வந்து சொன்னபோது, “எந்த ஹோட்டல் சர்வர்?” என்று கேட்டு அவளை அடக்க முடியாமல் சிரிக்கவைத்தான்.

அப்புறம் அந்தச் சிரிப்பு வேறு பக்கம் போய்விட்டது. சோறு பரிமாறும்போது ‘சார் சொன்னாரு’, துணி மடிக்கும்போது ‘சார் சொன்னாரு’. முதல் பக்கத்தில் பத்து விஷயத்தைத் திணிக்கக் கூடாது, வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ அது மட்டும்தான் இருக்க வேண்டும் என்று சார் சொன்னாராம். படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் நத்தை மாதிரி ஊரும், சுருக்கித்தான் ஏற்ற வேண்டுமாம். அந்த வாத்தியாரை அவன் ஒரே ஒரு தடவை நூலக வாசலில் பார்த்திருக்கிறான். ஒல்லியான ஆள், ஏதோ அலுவலகத்தில் கணினி வேலை, நகமெல்லாம் சுத்தமாக இருந்தது. அன்று இரவு அவன் தன் நகக்கண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தான். கிரீஸ் போகவில்லை.

ஒருநாள் அவள் சமையலறையில் இருந்தபோது வாத்தியாரின் குரல் செய்தியை ஓடவிட்டாள். மறைக்கவெல்லாம் இல்லை, வீடு முழுக்கக் கேட்கும்படிதான் ஓடியது.

“அக்கா, மடிப்பை மட்டும் கிட்டக்க எடுத்திருக்கீங்களே, அந்தப் படத்தை மேல பெருசாப் போடுங்க. ஒரு மடிப்புக்கும் இன்னொரு மடிப்புக்கும் நூல் அளவுகூட வித்தியாசம் இல்ல. கடையில வாங்கற திரையில இது இருக்காது. ஜனங்க அதைத்தான் பாக்கணும்.”

அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? அவர் புகழ்ந்தது மடிப்பைத்தான், அவளை அல்ல என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. எழுந்து முன்னறைக்குப் போய், தங்கள் வீட்டு ஜன்னலில் தொங்கிய திரையின் மேல்விளிம்பைப் பார்த்தான். மடிப்புகள் அச்சில் வார்த்த மாதிரி ஒரே சீராக இறங்கின. இத்தனை வருஷமாக அந்தத் திரையை இழுத்துவிட்டுத்தான் தூங்குகிறான். ஒரு நாளும் அவன் கண்ணில் படாதது எவனோ ஒருவன் கண்ணில், அதுவும் ஒரு போட்டோவில், பட்டுவிட்டது. அதன்பிறகு அந்த ஆளை அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போன பிறகு அவன் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சைட்டுக்குள் போகும் பக்கம் எதுவென்று அவனுக்குத் தெரியும். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். பயனர் பெயரும் தெரியும். முதல் வகுப்பு முடிந்து வந்த அன்று அவளே சொன்னாள்: “சொந்தப் பேரு வேண்டாம்னாரு. என்ன வைக்கறதுன்னே தெரியல. வீட்டுல கூப்பிடற பேரையே வச்சுட்டேன்.” வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். அவள் அம்மாவும் அப்பாவும் கூப்பிட்டது. அவர்கள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கெல்லாம் அவள் தையலக்கா.

பாஸ்வேர்டுதான் வேண்டியிருந்தது. அதுவும் தெரியும் என்றே நினைத்தான். போன், பேங்க், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் அவள் அவன் பெயரையும் கல்யாணம் ஆன வருஷத்தையும் சேர்த்துத்தான் வைப்பாள். அதைத் தட்டினான். தவறு என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கல்யாண நாளைப் போட்டான். தவறு. அவள் அம்மா பெயர், அவர்கள் முதன்முதலில் குடியிருந்த தெருவின் பெயர் எல்லாமே தவறு. கடைசியில், பலமுறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்று அந்தப் பக்கமே அவனை வாசலில் நிறுத்திவிட்டது.

‘தொடர்பு’ பக்கம் வழியாக அவளுக்கு யார் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கத்தான் அவன் உட்கார்ந்தது. அது இப்போது மறந்தே போய்விட்டது. தன் பெயர் இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது என்ன சொல்? யாருடைய பெயர்?

சாயங்காலம் அவள் உற்சாகமாக வந்தாள். “இன்னைக்குப் பாதுகாப்புப் பாடத்தோட மிச்சம். பாஸ்வேர்டுல பேரு, பொறந்த நாள், கல்யாண நாள் எதுவும் வரக் கூடாதுங்க. சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தையைச் சேத்து நீளமா வைக்கணும். நான் போன வாரமே மாத்திட்டேன்.”

“என்ன வச்சே?”

“சொல்லக் கூடாது.”

“எனக்குமா?”

“யாருக்குமே கூடாதுங்க.”

“உங்க வாத்தியாருக்கு?”

“அவருக்கு எதுக்கு?” அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. தலைவலி.”

அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள் அவன் வேலை முடிந்து சீக்கிரம் வந்தான். துணி வெட்டும் மேஜைமேல் அவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு எதிர்வீட்டு ஜன்னலை அளக்கப் போயிருந்தாள். திரையில் ஒரு பட்டியல் இருந்தது. வகுப்பில் எல்லாருக்கும் போட்டுவிட்ட பாதுகாப்பு மென்பொருளின் பக்கம் அது. தலைப்பு: ‘தோல்வியடைந்த உள்நுழைவுகள்.’

நேரம், எங்கிருந்து, பயனர் பெயர், முடிவு என்று கட்டம் கட்டமாக இருந்தது. எங்கிருந்து என்ற கட்டத்தில் ஏதோ எண்கள். பயனர் பெயர் கட்டத்தில் சிட்டு. அதன் கீழே சிட்டு. கீழே கீழே தள்ளத் தள்ள சிட்டு, சிட்டு, சிட்டு. விடியற்காலையில், அவர்கள் சாப்பிடும் நேரத்தில், அவள் துணி துவைக்கும் நேரத்தில், யாரோ ஓயாமல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பட்டியல் அவனுக்குப் புதிதல்ல. லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் தன் கோளாறுகளை இப்படித்தான் வரிசையாக எழுதி வைக்கும். ஒரே மாடியில் ‘கதவு மூடவில்லை’ என்று திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஓர் ஆள் காலை வைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு அரட்டை அடிக்கிறான் என்று அர்த்தம். ஆகவே இதற்குப் பின்னாலும் ஓர் ஆள்தான். சிட்டு என்ற பெயர் அவளுக்குத் தெரியும், தனக்குத் தெரியும். மூன்றாவதாக யாருக்குத் தெரியும்? வகுப்பில் பக்கத்தில் நின்று கணக்குத் திறந்துகொடுத்தவருக்குத்தான். எண்கள் வேறு வேறாக இருந்தனவே என்ற சந்தேகம் வந்தது. தந்திரக்காரன், வேறு வேறு போனிலிருந்து பார்க்கிறான் என்று அதற்கும் பதில் கிடைத்துவிட்டது. தான் சனிக்கிழமை தட்டியதும் இதே பட்டியலில் எங்கோ கிடக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை வரும்வரை அவன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. “ஏன் முகத்தை இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க?” என்று அவள் கேட்டதற்கு, “என் முகமே இப்படித்தான்” என்றான்.

வகுப்பு முடியும் நேரம் பார்த்து நூலகத்துக்குப் போனான். கூடத்தில் எல்லாரும் கிளம்பிவிட்டிருந்தார்கள். அவன் மனைவி லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் ஜலதோஷம் பிடித்த மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தரையெல்லாம் ஓடிய வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க எங்கங்க இங்க?” என்றாள் அவள், சந்தோஷமாகவே.

அவன் அவளைப் பார்க்கவில்லை. “சார், என் பொண்டாட்டியை ராத்திரி பகலா ஒருத்தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருக்கான். அது யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு நினைக்கறேன்.”

வாத்தியார் வயரோடு நிமிர்ந்தார். “எனக்குப் புரியலண்ணே.”

“என்ன பேசறீங்க நீங்க?” அவள் குரல் தாழ்ந்துவிட்டது. நூலகத்தில் அடுத்த அறையில் ஆட்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“லேப்டாப்பைத் திற. அந்தப் பட்டியலை இவர்கிட்டக் காட்டு.”

அவள் திறந்தாள். அவன் விரலை வைத்துக் காட்டினான். “இந்தப் பேரு எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். மூணாவதா உங்களுக்கு.”

அவன் எதைச் சொல்கிறான் என்று வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் காது சிவந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அண்ணே, இது ஆள் இல்ல, மிஷின்” என்றார். “புது சைட் திறந்தா சீக்கிரமே வந்துடும். தெருவுல நிக்கற ஒவ்வொரு வண்டியோட கதவையும் இழுத்து இழுத்துப் பாத்துட்டுப் போற மாதிரி. யார் வண்டின்னு அதுக்குக் கவலை இல்ல. பூட்டாம இருக்கான்னு மட்டும் பாக்கும்.” தன் சொந்த சைட்டின் பட்டியலைத் திறந்து காட்டினார். அங்கேயும் அதே கூட்டம், அவர் பயனர் பெயரைச் சொல்லிக்கொண்டு. “என்னையும்தான் கூப்பிடுது, பாருங்க.”

“அதுக்குச் சிட்டுன்னு எப்படித் தெரிஞ்சுது?” அவன் விடவில்லை.

வாத்தியார் யோசித்தார். பிறகு அவள் எழுதிப் போட்டிருந்த ‘ஜன்னலை அளப்பது எப்படி’ என்ற பக்கத்தைத் திறந்து அடிவரைக்கும் தள்ளினார். அங்கே மங்கிய சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், ‘எழுதியவர்: சிட்டு’ என்று இருந்தது.

“இங்கிருந்துதான் எடுத்திருக்கு. பயனர் பெயரையே கீழ காட்டிடும், அதை மாத்தணும். நான் சொல்லித்தராம விட்டுட்டேன். என் தப்புதான் அக்கா.”

அவன் அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தபடி நின்றான். வீட்டுக்குள் மட்டும் புழங்கியது என்று அவன் பொத்தி வைத்திருந்த பெயர், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இத்தனை நாளாக அங்கே கிடந்திருக்கிறது. கோபம் இறங்கிப்போன இடத்தில் அவனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அப்போதே மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். வாய் வரவில்லை.

வாத்தியார் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டார். “எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோம். நாடுவாரியாப் பிரிச்சா தெரியும். இதெல்லாம் வெளிநாடு. இதுவும். இதுவும்.” பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு கைப்பிடி வரிகள் மட்டும் மிஞ்சின. அவர் குனிந்து பார்த்தார். “இது மட்டும் உள்ளூரு. ஏதோ போன்லேருந்து. அட, இது உங்க வீட்டு நெட்டுதான் அக்கா. நீங்க தினம் உள்ள போறதும் இதே எண்தான். பாஸ்வேர்டு மாத்தினப்புறம் மறந்து பழசைப் போட்டிருப்பீங்க.”

“எப்போ?”

“போன சனிக்கிழமை, மத்தியானம்.”

“போன சனிக்கிழமை மத்தியானம் நான் இங்கதானே இருந்தேன்” என்றாள் அவள்.

வாத்தியாரின் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது. பிறகு அவர் எழுந்து, “கூடத்துச் சாவியைக் குடுக்கணும், போயிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சாவி மேஜைமேலேயே கிடந்தது.

அவள் லேப்டாப்பை மூடி, பையில் போட்டு, ஜிப்பை இழுத்தாள். அவன் பையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

பாதித் தெரு தாண்டும்வரை இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். அப்புறம் அவள் திரும்பாமலே கேட்டாள். “என்னென்ன போட்டுப் பாத்தீங்க?”

“என் பேரு. கல்யாண நாளு. உங்க அம்மா பேரு.”

“அப்புறம்?”

“நாம முதல்ல இருந்த தெரு பேரு.”

“அது ஏன்?”

“அந்த வீட்டைப் பத்தி நீ அடிக்கடி பேசுவியே.”

அவள் நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தான். அழவில்லை. “அந்த ஆளு உனக்கு என்ன அனுப்புறாரு, காட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போனை உங்க கையிலயே குடுத்திருப்பேன்.”

“கேக்கவே கேவலமா இருந்துச்சு.”

“இப்போ இல்லையா?”

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “முன்னெல்லாம் துணி எடுக்கறப்ப என்கிட்டதான் கேப்பே. இது நல்லாருக்கா, அது நல்லாருக்கான்னு. இப்போ எல்லாம் அவர்கிட்டக் கேக்கற.”

“கேட்டேனே. என்னைக்காவது டிவியிலேருந்து கண்ணை எடுத்தீங்களா? ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டுவீங்க. நானும் உங்க பேச்சை மதிச்சு அதையே தைப்பேன். அந்த மனுஷன் உக்காந்து பாத்து, ஏன் நல்லாருக்கு, ஏன் நல்லால்லன்னு சொன்னாருங்க. அவ்வளவுதான். அதுக்குப் போய் என்னை அத்தனை பேர் படிக்கற இடத்துல…” அவள் வேகமாக நடந்துவிட்டாள்.

அதன்பிறகு பல நாள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. சோறு இருக்கு. கரண்ட் பில் வந்திருக்கு. மறுநாளே அவள் வெட்டும் மேஜையில் உட்கார்ந்து, புதுப் பயனர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து பழையதை அழித்தாள். கட்டுரைக்கு அடியில் ‘தையலக்கா’ என்று வரும்படி மாற்றினாள். சைட்டின் நகல் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள். உள்ளே போக வேண்டுமென்றால் அவள் போனுக்கு ஓர் எண் வந்து, அதையும் போட்டால்தான் கதவு திறக்கும் என்று ஏற்பாடு செய்தாள். எல்லாவற்றையும் அவன் கண்ணெதிரிலேயே செய்தாள், ஒரு வார்த்தை பேசாமல். அந்த எண் ‘டிங்’ என்று வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அவனுக்கு அந்தச் சத்தம் சுருக்கென்று தைத்தது.

இடையில் ஒருநாள் அக்கா வந்தாள். “என்னடா, வீட்டுல ஊசி விழுந்தா கேக்கும் போலிருக்கு? சண்டையா?” என்றாள். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்திருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்க அவன் மானம் கப்பலேறியிருக்கும். “வேலை ஜாஸ்திங்க அண்ணி, அசதி” என்று சொல்லிவிட்டு அவள் டீ போடப் போனாள். அவன் அந்தச் சனிக்கிழமையே வகுப்பு தொடங்கும் முன் நூலகத்துக்குப் போய் வாத்தியாரிடம், “தப்பாப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க” என்றான். வாத்தியார், “விடுங்கண்ணே, எனக்கும் வீடு இருக்கு” என்று மூக்கை உறிஞ்சினார். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொன்னபோது, “ம்” என்றாள். அது ஒன்றே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

சைட் வழியாக வேலை வரத் தொடங்கியது. ஒரு கண் மருத்துவமனையில் கூரை உயரத்துக்கு ஜன்னல்கள். கம்பி மாட்ட ஏணி ஏறத் தெரிந்த ஆள் வேண்டும். அவன் விடுப்புப் போட்டுவிட்டுப் போனான். கம்பி மாட்டி, திரையைத் தொங்கவிட்டு, மேலிருந்தபடியே போனில் படம் எடுத்தான். அன்று சாயங்காலம் அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள்.

“படம் ஏத்த ஒரு ஆள் வேணும். உங்களுக்கு ஒரு கணக்குத் திறக்கறேன்.”

“எனக்கா?”

“படம் மட்டும் ஏத்தலாம். பக்கத்தை மாத்த முடியாது, யார் என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்க முடியாது. யாருக்கு எது தேவையோ அதுக்கு மேல உரிமை குடுக்கக் கூடாது. அதுதான் பாடம்.”

முன்பென்றால் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். “சரி” என்றான். பாஸ்வேர்டு போடும் கட்டம் வந்ததும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் வெகுநேரம் யோசித்து, ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.

முதல் படத்தை அவன் போனிலிருந்து அப்படியே தூக்கி ஏற்றிவிட்டான். பக்கம் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. “சுருக்கிட்டு ஏத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?” என்று அவள் பழைய தொண்டையில் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவன் திட்டு வாங்கிக்கொண்டே படத்தைச் சுருக்கினான்.

வகுப்பு முடிந்து, நூலகத்தில் புது ஆட்களுக்கு அடுத்த வகுப்பு தொடங்கப்போகிற சமயம், கூட இருந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று வாத்தியார் அவளைக் கேட்டார். அவள் அதைச் சாப்பிடும்போது சொன்னாள். அவன் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

“போகட்டுமா?” என்றாள்.

“போ.” கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, “ஆனா எனக்கு வயிறு எரியுது” என்றான்.

“எதுக்கு?”

“அந்த ஆளு உன்னைக் கேட்டதுக்கு. நீ சிரிச்சுட்டே சொன்னதுக்கு. தெரியல, எரியுது. சொல்லிட்டேன்.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அவன் தட்டில் மோரை ஊற்றினாள். “எரிஞ்சா சொல்லுங்க. மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு அப்புறம் ஊரைக் கூட்டாதீங்க. சனிக்கிழமை வண்டியில கொண்டுபோய் விடுங்க, ரெண்டு லேப்டாப் தூக்கணும்.”

சனிக்கிழமை கொண்டுபோய் விட்டான். வாத்தியார் வாசலுக்கு வந்து ஒரு பையை வாங்கிக்கொண்டு, “வாங்கண்ணே, டீ சாப்பிட்டுப் போங்க” என்றார். “வேலை இருக்கு” என்றான் அவன். உண்மையிலேயே இருந்தது, ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது என்று போன் வந்திருந்தது. வண்டியைத் திருப்பும்போது கண்ணாடியில் அவர்கள் இருவரும் ஏதோ பேசியபடி உள்ளே போவது தெரிந்தது. எரிந்தது. சாயங்காலம் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கியரை மாற்றினான்.